சோளகமும் விலைமனுப் பெட்டியும்

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் பிறந்த பிள்ளைக்குக் காற்றின் பெயர்களை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று தானாகவே நாக்கில் வந்துவிடும். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை கடலை நுரையாக்கிக்கொண்டு அடிப்பது சோளகம். அது எழும்பிவிட்டால் எங்கள் கரையில் படகு இறக்க முடியாது. அப்பா வலையைச் சுருட்டி வாடிக்குள் போட்டுவிட்டு, வடக்குக் கரையில் இருந்த உறவினரின் படகில் கூலிக்குப் போவார். வீட்டில் மீனும் குறையும், சோறும் குறையும். அம்மா சோளகத்தை ஏசிக்கொண்டே அடுப்பைச் சுற்றி ஓலைத் தட்டியை நகர்த்தி நகர்த்தி வைப்பார்.

அந்தக் காற்றைத்தான் இப்போது அலகுக் கணக்கில் விலை பேசுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. டீசல் வாங்க டொலர் இல்லை. என் பேத்தி மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கணக்குச் செய்தாள். எரிபொருள் வாங்காமல் கிடைக்கும் மின்சாரம் எங்களுக்கு எவ்வளவு தேவை என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காற்றாலைக்கு எதிரானவன் என்று என்னை யாராவது சொன்னால் கோபம் வரும். அந்தக் காற்றாலைகளுக்கான காகிதங்கள் நகர்ந்த விதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் 31 வருடங்கள் அரச அலுவலகம் ஒன்றின் கொள்வனவுப் பிரிவில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவன். கடதாசி, நாற்காலி, டயர், மின்பிறப்பாக்கி என்று எதையெதையோ வாங்கினோம். எங்கள் அறையின் மூலையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. விற்க வருகிறவர்கள் தங்கள் விலையை எழுதி உறையில் இட்டுப் போடும் விலைமனுப் பெட்டி அது. மேலே உறை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், முன்னால் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி கணக்காளரிடம், மற்றது நிர்வாக உத்தியோகத்தரிடம். குறித்த நாளில் பிற்பகல் 2 மணி ஆனதும் துவாரத்தின் மேல் கடதாசி ஒட்டிக் கையெழுத்து வைப்போம். அதற்குப் பிறகு வந்த உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டு பூட்டுகளையும் திறந்து, வந்திருக்கும் வியாபாரிகளின் கண்முன்னால் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விலையை உரத்து வாசிப்போம். வாசித்த விலைக்குப் பக்கத்தில் மூன்று பேர் சுருக்கொப்பம் இடுவோம். வந்திருந்த எல்லா வியாபாரிகளும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

பெட்டி இருந்தால் களவு நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை மின்பிறப்பாக்கி வாங்கியபோது, விவரக்குறிப்பில் அதன் நீளம், அகலம், எண்ணெய்த் தாங்கியின் கொள்ளளவு எல்லாம் ஒரே ஒரு கம்பனியின் விளம்பரப் புத்தகத்தில் இருந்த எண்களாகவே இருந்தன. மூன்று பேர் விலை கொடுத்தார்கள். குறைந்த விலை கொடுத்த இருவரும் ‘தொழில்நுட்ப ரீதியில் பொருந்தவில்லை’ என்று நீக்கப்பட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதினேன். எனக்கு விளங்கியது. எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்தேன். பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரியோடு மோதுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கையெழுத்து இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆனால் அந்தக் களவுக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். விவரக்குறிப்பு எழுதியவர், மதிப்பீட்டுக் குழுவில் இருந்த மூவர், குறிப்பெழுதிய நான், ஒப்புதல் கொடுத்தவர். எல்லாருடைய பெயரும் கோப்பில் இருக்கிறது. நீக்கப்பட்ட இருவரின் விலைகளும் இருக்கின்றன. கணக்காய்வாளர் ஒருவர் நாளைக்கு அந்தக் கோப்பை எடுத்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். பெட்டியே இல்லாத இடத்தில் இரண்டு பேர் போதும். வேறு விலைகளே வராததால், பிறகு யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது.

எங்கள் தீவின் கதைக்கு வருகிறேன்.

முதலில் வந்தது இலங்கை மின்சார சபையின் சொந்தக் காற்றாலைப் பூங்கா. தம்பபவனி என்று பெயர். 2020 டிசம்பரில் திறந்தார்கள். 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். அது வந்த பிறகு தண்ணீர் வடியும் வழிகள் அடைபட்டு, மாரியில் வளவுகளில் வெள்ளம் தேங்குகிறது என்ற முறைப்பாடு தீவு முழுக்க இருக்கிறது. பறவைகளைப் பற்றிய கவலையும் இருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் பறவைகளின் வழி எங்கள் தலைக்கு மேலேதான்; வங்காலைச் சரணாலயம், உலக ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் சாசனத்தில் சேர்க்கப்பட்ட ஈரநிலம். அந்தக் குறைகளைச் சொல்லியே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் அந்தப் பூங்கா பொதுச் சொத்து. அதன் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று கேட்டால் பதில் இருந்தது.

அதற்குப் பின் வந்ததுதான் வேறு மாதிரி. 2021 ஒக்டோபரில் இந்தியாவின் பெரும் தொழிலதிபர் கௌதம் அதானி இலங்கைக்கு வந்து மன்னாரையும் பார்த்துவிட்டுப் போனார். 2022 மார்ச்சில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. விலைமனு கோரவில்லை. நாடு எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றுகொண்டிருந்த மாதம் அது. எங்கள் ஊரில் யாரும் அந்தச் செய்தியைப் பெரிதாகப் படிக்கவில்லை. நானும் அப்போது மண்ணெண்ணெய்க்குத்தான் அலைந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 9ஆம் திகதி பாராளுமன்றத்தில் மின்சாரத் திருத்தச் சட்டமூலம் நிறைவேறியது. போட்டி விலைமனு என்ற கட்டாயத்தை அது தளர்த்தியது. 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது விலைமனு வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, ஏற்கவில்லை. மின்சார சபையின் பொறியியலாளர்கள் பணிநிறுத்தத்துக்கே போனார்கள். அதையும் நிறுத்த வைத்தார்கள். 120 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள்.

அடுத்த நாளே அது நடந்தது. ஜூன் 10ஆம் திகதி, அரச நிறுவனங்களின் கணக்குகளை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் (COPE) குழு முன்னால் மின்சார சபையின் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ சாட்சி சொன்னார். இந்தத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் மோடி தன்னை நெருக்குவதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தன்னிடம் சொன்னார் என்றார். கோட்டாபய அதை மறுத்தார். பெர்டினாண்டோவும், தான் உணர்ச்சிவசப்பட்டுப் பொய் சொல்லிவிட்டதாக அறிக்கை விட்டார். ஜூன் 13ஆம் திகதி பதவி விலகினார். ஆனால் அதற்கு முந்தைய நவம்பரில் அவர் நிதி அமைச்சின் செயலாளருக்கு இந்தத் திட்டம் பற்றி எழுதிய கடிதமும் அந்த நாட்களில் வெளியே வந்துவிட்டது.

அந்தக் காணொளியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எது உண்மை, எது மறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எந்த நீதிமன்றமும் மன்னார்த் திட்டத்தில் ஒருவர் பணம் வாங்கினார் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொள்வனவுப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் என் கண்ணுக்குப் பட்டது வேறு. ஒரு பெரிய அரச நிறுவனத்தின் தலைவரிடம் ‘இந்தக் கம்பனியை ஏன் தெரிவு செய்தீர்கள்?’ என்று கேட்கிறார்கள். அவர் காட்டுவதற்கு மதிப்பீட்டு அறிக்கை இல்லை, ஒப்பீட்டு அட்டவணை இல்லை, இரண்டாவது விலை இல்லை. ஒரு சம்பாஷணை மட்டும்தான் இருந்தது. மறுநாள் அந்தச் சம்பாஷணையும் இல்லை என்றாகிவிட்டது. ஒரு சிறிய அலுவலகத்தில் நாற்காலி வாங்கினாலும் எங்களிடம் அதைவிட அதிகக் காகிதம் இருக்கும்.

ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். திட்டம் ஓடவில்லை. 2023 பெப்ரவரியில் முதலீட்டுச் சபை 442 மில்லியன் டொலர் முதலீட்டுக்கு அனுமதி கொடுத்தது. விலைமனு எங்கே என்று கேட்டவர்களுக்கு, ‘இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான திட்டம்’ என்று பதில் வந்தது. கம்பனி தனியார் கம்பனி. இலாபம் அதன் பங்குதாரருக்கு. விலைமனுவிலிருந்து விலக்கு மட்டும் அரசுக்குரியது. இந்த விளக்கத்தை நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

2024 மேயில் விலை தெரிந்தது. 484 மெகாவாட், 20 வருடம், அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். மறு வருடம் அதே மன்னாரில், 50 மெகாவாட் திட்டம் ஒன்று போட்டி விலைமனுவில் உள்நாட்டுக் கம்பனி ஒன்றுக்குப் போனது: அலகுக்கு 4.65 சதம். நேர்மையாகச் சொன்னால் இவை இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிட முடியாது. காலம் வேறு, அளவு வேறு, நாட்டின் கடன் நிலைமை வேறு. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வித்தியாசம் 3.61 சதம். நூறு கோடி அலகுக்கு 3 கோடியே 61 லட்சம் டொலர். அதில் பாதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதியை 20 வருடத்தால் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பணம் என் மாமியின் மின்கட்டணப் பட்டியலில் சில ரூபாய்களாக, தையல் மெசின் வைத்திருக்கும் பெண்ணின் பட்டியலில் சில ரூபாய்களாக, மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, காற்றாலைத் தொழிலுக்கும் பழைய மின்நிலையத் தொழிலுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். டீசல் மின்நிலையத்தில் ஊழல் செய்கிறவன் எண்ணெய் வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். கப்பல் கப்பலாக, வருடம் வருடமாக. இடையில் ஆட்சி மாறலாம், கணக்காய்வு வரலாம், பிடிபடலாம். காற்றுக்கு எண்ணெய் வேண்டாம். செலவு முழுவதும் தொடக்கத்தில். பிறகு 20 வருடத்துக்கு ஒரே விலை. அந்த ஒரு விலையும் ஒரு நாள், ஒரு மேசையில், ஒரு பேனாவால் முடிவாகிறது. அந்தப் பேனாவுக்கு எவ்வளவு பெறுமதி இருக்கும் என்பது அதைத் தேடி வருகிறவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, இடம். டீசல் மின்நிலையத்தை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். சோளகம் அடிக்கும் இடத்தில்தான் காற்றாலை நிற்கும். அதுவும், மின்சாரத்தை நாட்டின் மின்வலையமைப்பில் சேர்க்கும் நடுக்குடா மின்தொகுதிக்குக் கம்பி இழுக்கக்கூடிய தூரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கம்பி தாங்கக்கூடிய மெகாவாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. முதலில் இடம் பிடித்தவன் மற்றவனுக்குக் கதவை அடைத்துவிடலாம். ஆகவே எந்தக் காணியில் எந்தக் காற்றாலை வரும் என்ற தகவலே பணம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாமி வீட்டு முற்றத்தில் பார்த்தேன்.

பேசாலைக்கும் தாழ்வுபாட்டுக்கும் இடையில் மாமிக்கு இரண்டு ஏக்கர் பனங்காணி இருக்கிறது. மாமாவின் தகப்பன் வழி வந்தது. ஒரு நாள் தரகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார், நல்ல மரியாதையாகப் பேசினார். “அம்மா, காணியை விற்க வேண்டாம். ஒப்பந்தம் மட்டும் எழுதிக் கொடுங்கள். ஐந்து வருடத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று. முற்பணம் இன்றைக்கே தருகிறேன்” என்றார். மாமி தேநீர் கொடுத்துவிட்டு, “ஏன் தம்பி எங்கள் காணி? பக்கத்துக் காணியில் கிணறும் இருக்கிறதே” என்று கேட்டார். அவர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். எங்கள் ஊர், எங்கள் ஒழுங்கை, மாதா கோவில், எல்லாம் அதில் இருந்தன. சிவப்பு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். மாமியின் காணிக்கு மேலும் ஒரு வட்டம் இருந்தது.

அந்த வரைபடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிராம அலுவலரிடம் கேட்டேன், அவரும் பார்த்ததில்லை. பங்குத் தந்தையிடம் கேட்டேன், இல்லை. மீனவர் சங்கத் தலைவரிடமும் இல்லை. அந்தக் காணியில் எழுபது வருடமாகப் பனங்கிழங்கு கிண்டுகிற பெண்ணுக்குத் தெரியாத ஒன்று, வேறு ஊரிலிருந்து வந்த தரகரின் பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். “எல்லாம் கிடைக்கும் அண்ணன்” என்றார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. மாமி கையெழுத்து வைக்கவில்லை. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அரிசி விலை இரண்டு மடங்காகிய வருடம்.

இத்தாலியின் சிசிலித் தீவில் வித்தோ நிகாஸ்திரி என்று ஒருவர் இருந்தார். அல்காமோ என்ற ஊரைச் சேர்ந்த மின்வேலைக்காரர். காற்றின் பிரபு என்று பெயர் வாங்கினார். காற்றாலைகளை நடத்துவதை விட, காணியையும் அனுமதிகளையும் சேர்த்துக் கட்டித் தயார்நிலையில் பெரிய கம்பனிகளுக்கு விற்பதே அவர் பிழைப்பு. மாபியாவுக்கு நெருக்கமானவர் என்று சொல்லி 2013இல் அவருடைய 1.3 பில்லியன் யூரோ பெறுமதியான சொத்துகளை இத்தாலிய அரசு பறிமுதல் செய்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு வட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. எங்கள் தரகர் மாபியா என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரும் விற்க வந்தது காற்றை அல்ல. காற்றுக்குப் போகும் கதவை.

கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா 2016இல் திறக்கப்பட்டது. அதுவும் அதானி குழுமத்தினுடையது. தமிழ்நாட்டு மின்வாரியம் அலகுக்கு 7.01 இந்திய ரூபாய் கொடுக்க 2015 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு முந்தைய வருடம் நிர்ணயித்த விலை அது, சட்டப்படி பிழையில்லை. அதே ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் விலைமனுவைத் திறந்தபோது மிகக் குறைந்த விலை 5.05 ரூபாய்க்கு வந்தது. தமிழ்நாட்டில் எதிர்க்கட்சிகள் அன்றைக்கே கேள்வி எழுப்பின. சூரியத் தகட்டின் விலை மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், பழைய விலைக்கு யார் முதலில் கையெழுத்து வாங்குவது என்பதே போட்டியாகிவிட்டது. சட்டத்தை மீறாமலே பொதுமக்கள் அதிகம் கொடுக்கும் நிலை வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 20ஆம் திகதி நியூயோர்க்கின் புரூக்ளினில் அமெரிக்க அரச சட்டத்தரணிகள் கௌதம் அதானி உட்படப் பலர் மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டார்கள். இந்திய மத்திய அரசின் சூரிய மின் நிறுவனம் நடத்திய விலைமனுவில் அதானி கிரீன் 8,000 மெகாவாட்டும் அசூர் பவர் 4,000 மெகாவாட்டும் பெற்றிருந்தன. ஆனால் அந்த விலைக்கு வாங்க மாநிலங்கள் முன்வரவில்லை. வாங்க வைப்பதற்காக மாநில அதிகாரிகளுக்கு ஏறத்தாழ 2,029 கோடி ரூபாய் கையூட்டு கொடுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதில் 1,750 கோடி ஆந்திராவின் உயர் அதிகாரி ஒருவருக்கு என்றும், ஆந்திரா அதன் பிறகு 7,000 மெகாவாட் வாங்கச் சம்மதித்தது என்றும் அந்தக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. குழுமம் எல்லாவற்றையும் மறுத்தது. குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு ஆகாது. என்றாலும் அது வரைந்து காட்டும் வழியைக் கவனியுங்கள்: பெட்டி ஒழுங்காகத் திறக்கப்பட்டிருக்கிறது, விலை வாசிக்கப்பட்டிருக்கிறது, கேள்வி எழுந்தது வாங்குகிறவன் கையெழுத்து வைக்கும் மேசையில். எழுதுவினைஞனாக இருந்த எனக்கு அந்த மேசையையும் தெரியும்.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். 2024இல் மன்னார் ஆயரும், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். ஆட்சி மாறியது. புதிய அமைச்சரவை அந்த 8.26 சத விலைக்கான ஒப்புதலை மீளப்பெற்றுக்கொண்ட செய்தி 2025 ஜனவரியில் வெளியானது. பெப்ரவரியில் அதானி கிரீன் தானாகவே விலகிக்கொள்வதாக அறிவித்தது. அன்று எங்கள் ஒழுங்கையில் பட்டாசு கொளுத்தினார்கள். நான் கொளுத்தவில்லை. 3 வருடம் வீணாகிவிட்டதே என்ற கவலைதான் எனக்கு இருந்தது. 2022இல் ஒரு விலைமனு கோரியிருந்தால் இன்றைக்குக் குறைந்த விலையில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஊழல் நடந்ததோ இல்லையோ, ஊழலுக்கு இடம் வைத்த வழியில் போனதற்கே நாடு விலை கொடுத்துவிட்டது.

பிறகு அந்த 4.65 சதத் திட்டம் வந்தது. விலை குறைவு, விலைமனு ஒழுங்கு. ஆனாலும் 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் பாதையில் இறங்கினார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் கடைசியில் காற்றாலை உபகரணங்களைப் பொலிஸ் பாதுகாப்போடு கொண்டுவந்த இரவில் கைகலப்பு நடந்தது. மதகுருமாரும் பெண்களும் அடிபட்டார்கள். 29ஆம் திகதி மாவட்டம் முழுவதும் கடையடைப்பு. கொழும்பில் இருக்கும் என் நண்பர் தொலைபேசியில், “விலைமனு வேண்டும் என்றீர்கள், அதையும் செய்தார்கள், இன்னும் என்ன வேண்டும் உங்கள் ஆட்களுக்கு?” என்று கேட்டார். நல்ல மனிதர், மனம் நொந்துதான் கேட்டார்.

நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான். கொழும்பில் பெட்டியைத் திறந்து விலையை வாசித்தார்கள், சரி. அந்த அறையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. எந்த வட்டத்தில் எந்தக் காற்றாலை, அதற்கு எந்த வழியால் பாதை போடுவார்கள், அந்தப் பாதை எந்த வாய்க்காலை மறிக்கும், காணியை யாரிடமிருந்து யார் என்ன விலைக்கு வாங்கினார்கள், இந்தக் காகிதங்கள் ஒன்றுமே தமிழில் எங்கள் கிராம அலுவலகப் பலகையில் ஒட்டப்படவில்லை. வெள்ளத்துக்குப் பயந்தவன் பாதி, தரகரின் வரைபடத்தைப் பார்த்தவன் பாதி. இருவருக்கும் ஒரே சந்தேகம். ஒருமுறை மறைத்துச் செய்ததைப் பார்த்த ஊர், அடுத்த முறை ஒழுங்காகச் செய்தாலும் நம்பாது. நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாமியின் சுகத்தை விசாரித்தார்.

அன்றிரவே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டிய நல்ல கருவி. 31 வருடம் மற்றவர்கள் கேட்ட காகிதத்தைத் தேடிக் கொடுத்தவன் நான். எப்படிக் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது என்று ஓரளவு தெரியும். ‘காற்றாலை பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. மாமியின் காணி உறுதி இலக்கத்தை எழுதினேன். அந்தக் காணியை உள்ளடக்கிய காற்றாலை அமைவிட வரைபடம், அது வரையப்பட்ட திகதி, அதன் பிரதி எந்தெந்த நிறுவனங்களுக்கு எந்தெந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்ற பதிவு, இந்த மூன்றையும் கேட்டேன். கடைசிக் கேள்வியை மூன்று தடவை திருத்தி எழுதினேன். தரகரின் பைக்குள் அந்த வரைபடம் எப்படிப் போனது என்பதற்கு விடை அந்தப் பதிவில்தான் இருக்க வேண்டும்.

தானே வந்து தன் பெயரில் கொடுக்க வேண்டும் என்று மாமி சொன்னார். வெள்ளைச் சேலை உடுத்தி, குடை பிடித்து, பஸ்ஸில் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே இருந்த பிள்ளை மரியாதையாக வாங்கித் திகதி முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்தது. “எத்தனை நாள் மகள்?” என்று மாமி கேட்டார். “பதினான்கு வேலை நாள் அம்மா.” பற்றுச்சீட்டை மாமி தன் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். இன்று ஒன்பதாவது நாள்.